கெடாரி ஓடிப்போன நாள்

தொண்ணூற்றாறு, தை மாதம். காலை ஆறே முக்காலுக்குப் பொள்ளாச்சியில் பஸ் ஏறினேன். உக்கடம் நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் ஏழு ரூபாய். கோயமுத்தூர் கணபதியில் ஓவியங்களைச் சேர்த்துக் காக்கிற காப்பகம் ஒன்று இருக்கிறது. காலமான என் தம்பியின் நாற்பத்தொரு படங்கள் அங்கே இருக்கின்றன. அவன் மெட்ராஸ் ஓவியர் ஒருவரின் சிவப்புக் கோட்டைப் பார்த்து வரைந்தவன் என்று சிலர் பேசுவது என் காதுக்கு வந்தது. அதைக் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க நான் தயாராயில்லை.

"ஆசுபத்திரிக்குங்களாம்மா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, படம் பார்க்க."

"காலங்காத்தால எந்தத் தியேட்டருங்க?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எட்டேகாலுக்கு உக்கடம். அங்கிருந்து டவுன் பஸ், ஒன்றரை ரூபாய். கணபதியில் கீழே லேத் பட்டறை, மேலே காப்பகம். படிக்கட்டு அதிர்ந்தது, உள்ளே அந்துருண்டை வாசனை. ஒவ்வொரு படத்துக்கும் நடுவே மெல்லிய தாள் வைத்து, அகலமான இழுப்பறைகளில் படுக்கவைத்திருந்தார்கள். என் கல்யாணப் புடவையைக்கூட நான் அப்படி வைத்ததில்லை.

பொறுப்பாளர் ராஜமாணிக்கம், ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியார். எழுதிவைத்த அட்டைகளைப் படித்துக் காட்டினார்.

"தலைப்பு, 'கெடாரி ஓடிப்போச்சு'. செவப்புக் கோடு பாயுது பாருங்கம்மா. விடுதலைங்க அது!"

"ஏனுங்க வாத்தியாரே, அது படத்தோட பேரில்லீங்க. எங்க கெடாரிக் கன்னு கவுத்த அத்துட்டு ஓடிப்போன நாளுங்க."

தம்பி வரைந்ததெல்லாம் வெறும் கோடும் நிறமும்தான். பேரும் வைக்கமாட்டான், தேதியும் போடமாட்டான். வரைந்ததை என்னிடம் கொடுத்துவிடுவான். இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்குத் தேதி எழுத வராது. அன்றைக்கு வீட்டில் நடந்ததைப் பின்பக்கம் எழுதிவைப்பேன்.

"அப்ப 'மோட்டார் எரிஞ்சுபோச்சு'?"

"கெணத்து மோட்டாருங்க. புதுக் கம்பி சுத்திக் காயில் கட்ட இங்க கோயமுத்தூருக்குத்தான் கொண்டாந்தோம்."

வாத்தியார் தலையில் கை வைத்தார். "எந்திர யுகத்தோட கோபம்னு எழுதிப்போட்டனுங்களே!"

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. "கெடாரி ஓடினது எந்த வருசமுங்க?"

"என்ற பெரியவன் பொறந்த எட்டாம் நாளுங்க. அவன் சர்டிபிகேட்டுல இருக்குது, அறுபத்தேழு."

அவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய கண்காட்சிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். மெட்ராஸ்காரரின் சிவப்புக் கோடு முதலில் வந்தது அறுபத்தொன்பதில்.

"ரெண்டு வருசம் முந்துதுங்கம்மா!"

"நான் வளத்த பையனுங்க. அடுத்தவனப் பாத்து எழுதமாட்டான்."

பிறகு மதியம் வரை நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நாற்பது அட்டைகளில் வருஷம் ஏறியது. கடைசிப் படத்தின் பின்பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"இதுக்கும் அறுபத்தேழுன்னே போட்டரலாமுங்களா?"

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு நினைவில்லை.

"வேண்டாமுங்க. தெரியாததைத் தெரியாதுன்னே எழுதுங்க. இதுல பொய் போட்டா மத்த நாப்பதையும் எவன் நம்புவான்?"

மூன்று மணிக்குக் கிளம்புவதற்கு முன் அந்தப் படத்தை மட்டும் இன்னொரு முறை கேட்டு வாங்கிப் பார்த்தேன். மற்றவற்றில் எனக்கு மாடும் மோட்டாருமே தெரிந்தன. இதில் நினைத்துக்கொள்ள ஒரு நாளும் இல்லை. அதனால் பச்சை மட்டும் தெரிந்தது, அதற்குள் ஒரு மஞ்சள். தம்பியின் கை மேலிருந்து கீழே ஒரே வீச்சில் இறங்கியது தெரிந்தது. அவன் நன்றாக வரைந்திருக்கிறான்.