எலிகாப்பியும் கத்தாளியும்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குச் செக்கரக்கா என்று பெயர். தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தையல் கோணியிருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. அவள் கண்ணில் மண்ணைத் தூவ அங்கே எந்தக் கொம்பனாலும் முடியாது. வீட்டில் தூவினார்களே, அதுவும் கை நிறைய அள்ளி!

கணவன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். மகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டது அவளுடைய தங்கைதான். வாண்டுக்கு நாலு வயது முடியப் போகிறது. வாயைத் திறந்தால் தக்காளி கத்தாளி, பட்டாம்பூச்சி பப்பாட்டிச்சி, ஹெலிகாப்டர் எலிகாப்பி. முதலில் செக்கரக்காவும் விழுந்து விழுந்து சிரித்தாள். சாப்பாட்டு வேளையில் எலிகாப்பியைச் சொல்லித் தொழிற்சாலையையே சிரிக்க வைத்தாள். தங்கை அதையெல்லாம் போனில் படம் பிடித்துப் போட, முன்பின் தெரியாதவர்கள்கூடப் பார்த்துச் சிரித்தார்கள்.

போகப் போக அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுப் பொடிசு இவளைவிடச் சின்னது, மணிமணியாகப் பேசுகிறது. இவள் மட்டும் ஏன் இப்படி? கூட இருந்து பேச எனக்கு நேரமில்லாமல் போனதால்தானோ? நினைத்து நினைத்து அழுதாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். "சரியாயிடும்க்கா, மனசை விட்டுடாதே" என்றாள்.

கடைசியில் லீவு போட்டு, பேச்சு வராத பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். துணைக்கு வந்த தங்கையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். பெற்றவளும் பிள்ளையும் மட்டும்தான் உள்ளே வரலாமாம். டாக்டரம்மா படங்களை எடுத்து மேசையில் பரப்பினார்.

வாண்டு கேட்டது: "சரியாச் சொல்லட்டுமா, தப்பாச் சொல்லட்டுமா?"

"சரியாவே சொல்லேன், பார்ப்போம்."

"தக்காளி. பட்டாம்பூச்சி. ஹெலிகாப்டர்."

எல்லாம் தண்ணி பட்ட பாடு. செக்கரக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகளை வாரி எடுத்து முத்தமாகக் கொடுத்தாள். பிறகுதான் சுரீர் என்றது.

"ஏன்டா தங்கம், வீட்ல ஏன் இப்படிச் சொல்லலை?"

"போன்ல தப்பாத்தான் சொல்லணும். அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லணும்னு சித்தி சொல்லுச்சு."

வெளியே வந்து தங்கை முன்னால் போய் நின்றாள்.

"விளையாட்டுக்குத்தானேக்கா," என்று இழுத்தாள் தங்கை. "எல்லாரும் எப்படி ரசிக்கிறாங்க தெரியுமா? ஒழுங்காப் பேசினா யாருக்கா பார்ப்பாங்க?"

"நான் அழுதப்போ முதுகைத் தடவினியேடி, பாவி! அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா?"

தங்கை போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வேற்று ஆள் செய்திருந்தால் செக்கரக்கா நாலு திட்டு திட்டிவிட்டுப் போயிருப்பாள். இது கூடப் பிறந்தவள்! மகள் முதன்முதலாக வார்த்தைகளைத் திருத்தமாகச் சொன்னது இவள் காதில் விழுந்திருக்கிறது, பெற்றவள் காதில் விழவில்லை. அதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் மகளை மடியில் இருத்திக்கொண்டாள். "இனிமே அம்மாகிட்ட மனசுல இருக்கறதைத்தான் சொல்லணும், என்ன? எங்கே சொல்லு, உனக்கு அம்மாவைப் பிடிக்குமா?"

வாண்டு பதில் சொல்வதற்கு முன்னால் சித்தியின் முகத்தைப் பார்த்தது.