விரலில் இல்லாத எண்ணெய்

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் தனியாகப் போகமாட்டார்கள். பெண் பார்க்கப் போவதுபோல் கூட்டமாகக் கிளம்புவார்கள். பணம் கொடுக்க ஒருவர், ஓட்டிப் பார்க்க ஒருவர், குறை சொல்ல ஒருவர். மயிலாப்பூரில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை அந்தக் குறை சொல்லும் ஆள் நான்தான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நின்றவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

உண்மையில் கொஞ்சம் தெரியத்தான் செய்தது. கதவின் அடிவிளிம்பைத் தடவினால் உப்புக்காற்று எவ்வளவு தின்றிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சட்டைப் பையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருப்பேன். அது ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். பார்த்து முடித்ததும் என்னிடம் இரண்டு விலை இருக்கும். மனசில் ஒன்று, வாயில் ஒன்று. வாயில் இருப்பது எப்போதும் குறைவு. அதைப் பொய் என்று நான் நினைத்ததில்லை. மாப்பிள்ளை வீட்டார் நொட்டை சொல்வதில்லையா, அதுபோலத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தி. நகரிலிருந்து அத்திம்பேர் வந்தார். சாந்தோமில் ஒரு ரிடையர்டு டீச்சரம்மா தன் ஃபியட்டை விற்கிறாராம், நாற்பத்தைந்தாயிரம் கேட்கிறாராம்.

"நீ வந்து நாலு வார்த்தை சொன்னா ஏழெட்டு குறையும்டா" என்றார்.

சர்ச்சுக்குப் பின்னால் சின்ன வீடு. அந்த அம்மாவுக்கு எழுபது இருக்கும். பார்வை மங்கிவிட்டது, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வீட்டில் அவரும் சமையல் செய்கிற அம்மாளும் மட்டும். வண்டியைச் சுற்றி வந்தேன். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. மிதியடியைத் தூக்கினால் கீழே துரு இல்லை. மனசுக்குள் ஐம்பது என்று விலை போட்டுவிட்டேன். அந்த அம்மா கேட்டதே குறைவு.

"போன வருஷம்தான் தம்பி இன்ஜின் வேலை பார்த்தது. மந்தைவெளியில ஷெட் வச்சிருக்கிற பையன். பட்டினப்பாக்கத்து பிள்ளை, என்கிட்ட அஞ்சாவது படிச்சவன். இருபது வருஷமா அவன்தான் பார்க்கிறான்" என்றார்.

கடைசிச் சோதனை ஒன்று உண்டு. வண்டியை ஓடவிட்டு, நிறுத்தி, கொஞ்சம் ஆறியதும் புகைக்குழாய் வாயில் விரலை விட்டுத் தடவ வேண்டும். இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் விரலில் கருப்பாக எண்ணெய் ஒட்டும். நல்ல இன்ஜின் என்றால் காய்ந்த பொடி மட்டும். என் விரலில் திருநீறுபோல் சாம்பல் பொடி. அத்திம்பேர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"என்னடா, எண்ணெய் வர்றதோ?"

வாய் கூசாமல் சொன்னேன். "வர்றது. பிசுபிசுன்னு இருக்கு. ரிங் செட் ஒரிஜினல் இல்லை டீச்சர். புதுப்பேட்டை டூப்ளிகேட் சரக்கைப் போட்டுட்டு ஒரிஜினல் விலை வாங்கியிருக்கான்."

வேறு குறை கிடைக்கவில்லை என்பதால் ஒரு மனிதனைக் குறை சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

டீச்சர் என் விரலருகே முகத்தைக் கொண்டுவந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "எனக்குத் தெரியலை தம்பி. நீங்க சொன்னா சரி" என்றார். நான் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே விலையைக் குறைத்தார். அத்திம்பேர் பேரமே பேசவில்லை. "பொய்ச் சாமான் போட்ட வண்டிக்கு அந்த விலை கேட்கிறது பாவம். முப்பத்தெட்டு கொடுங்க" என்றார் டீச்சர். திரும்பும் வழியில் அத்திம்பேர் ஹோட்டலில் வாங்கிக் கொடுத்த நெய் ரவா தோசையை நான் ரசித்துத்தான் சாப்பிட்டேன். இதை ஒளிக்க விரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்து கவுண்டரில் ஒருவர் வந்து நின்றார். அடிக்கடி வருகிற மெக்கானிக், நாற்பது வயசு, எப்போதும் சிரித்த முகம். அன்று சிரிப்பு இல்லை.

"சார், போன வருசம் ஒரு ஃபியட்டுக்கு ரிங் செட்டு வாங்கினேன். நீதான் சார் எடுத்துக் குடுத்தே. அந்த பில்லு காப்பி கீதா?"

"எதுக்குப்பா?"

"சாந்தோம்ல ஒரு டீச்சர் சார். எவனோ வண்டி பாக்க வந்தவன் டூப்ளிகேட்டுன்னு சொல்லிட்டுப் பூட்டான். டீச்சர் என்ன வாசல்லயே நிக்க வச்சு, 'உன்ன நான் இப்டியா வளத்தேன்'னு கேட்டுச்சு சார். பில்லு டீச்சர் கைலதான் கீது. அதுவே பொய் பில்லுன்னுது. சர்ச்சாண்ட நாலு வண்டி என்கிட்ட வந்துகினு இருந்துச்சு, இப்ப ஒண்ணும் வர்ல. வண்டி போனா போவுது சார். டீச்சர் மூஞ்ச திருப்பிக்குது, அதான் தாங்கல."

பில் புத்தகங்கள் பின்னால் பரணில் வருஷவாரியாகக் கட்டி இருந்தன. பத்து நிமிஷ வேலை. "பழசெல்லாம் வைக்கிறதில்லைப்பா. எதுக்கும் தேடிப் பாக்கறேன்" என்றேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, சோறே இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு சாந்தோமுக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான். என் குரலை வைத்தே டீச்சர் அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொல்லி கேக் கொடுத்தார்.

"நல்ல வேளை வந்தீங்க தம்பி. எனக்கு மனசு ஆறவேயில்லை. அந்தப் பையன் அன்னைக்கு அழுதான். திருடன் அப்படி அழுவானா?" என்று எழுந்து போய் ஒரு பில்லைக் கொண்டுவந்தார். "எனக்கு எழுத்தே தெரியமாட்டேங்குது. நீங்க விவரம் தெரிஞ்சவர். இது நிஜ பில்லா, பொய்யா?"

வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து. நான் எழுதிய 'ரிங் செட் 1', நான் குத்திய முத்திரை. டீச்சர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நிஜம் என்று சொல்லிவிடுவேன் என்று அவர் ஆசைப்பட்டது அந்த மங்கிய கண்ணிலும் தெரிந்தது. ஆனால் நிஜம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என் விரலைப் பற்றியது. கையில் அவர் கொடுத்த கேக்கை வைத்துக்கொண்டு அதற்கு என்ன பதில் சொல்வேன்?

"பொய்தான் டீச்சர்" என்றேன்.

அவர், "அப்போ அது இங்கே வேண்டாம், நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார்.

பில்லைக் கவுண்டர் மேஜையின் இழுப்பறையில் போட்டு வைத்தேன். கிழிக்கக் கை வரவில்லை. அத்திம்பேரிடம் அந்த வண்டி ஏழு வருஷம் ஓடியது. ஒரு சொட்டு எண்ணெய் குடிக்கவில்லை.

மறு மாதம் மெக்கானிக் ஃபேன் பெல்ட் வாங்க வந்தார். "அந்த பில்லு ஏதாச்சும் கெடச்சுதா சார்?" என்று கேட்டார். அது எனக்கும் அவருக்கும் நடுவில், ஒரு முழ தூரத்தில் இருந்தது.

"தேடினேன்பா. கிடைக்கலை."

"பரவால்ல சார். நீ தேடுனதே பெருசு." பெல்ட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். "இத்துக்கு ரெண்டு பில்லா போட்டுக் குடு சார். ஒண்ணு வண்டிக்காரருக்கு, ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்."

கார்பனை வைத்து, அழுத்தி எழுதிக் கொடுத்தேன்.