தாரில் நின்ற கஸ்தூரி

"பாத்து ஆன்ட்டி, மண்ணு, சிமெண்டு எல்லாத்தவிட தாருதான் ரொம்ப சூடு," என்றாள், திண்டிவனம் ரோட்டோரம் வெப்பமானியோடு உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவி.

எண்பதுகளில் எங்கள் பள்ளியில் வெப்பமானி இல்லை. எந்தத் தரை அதிகம் சூடாகிறது என்று பார்க்க, வெயிலில் வெறுங்காலோடு நின்று எண்ணச் சொன்னார் டீச்சர். மண்ணில் நான் நாற்பது வரை தாங்கினேன். சிமெண்டில் விமலா இருபதிலேயே குதித்துவிட்டாள். செருப்பே போட்டறியாத கஸ்தூரியைத் தாரில் நிறுத்தினோம். அவள் நூறு வரை நின்றாள்.

"சுடலியாடி?"

"எனக்கு இன்னாடி, பழகிப்போச்சி."

தார்தான் குறைவாகச் சூடாகும் என்று நோட்டில் எழுதினேன்.

சாயங்காலம் கஸ்தூரி இரண்டு காலையும் ஊன்ற முடியாமல் நடந்தாள். கேட்டதற்கு, "முள்ளு குத்திக்கிச்சிடி," என்றாள்.

இரண்டு காலிலுமா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்று கேட்க அவள் இல்லை.