முனீஸ்வரிக்கு எந்தக் கேன்?

அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நான் கடையில் நின்று உருகிப் போனதை நினைத்தால், இப்போதும் எரிச்சலாகத்தான் வருகிறது.

என் பெயர் சாராள். தேனி கடைவீதியில் கார் கழுவுகிற சாமான் விற்கிறேன். ஷாம்பு, பிரஷ், துணி, வீல் கழுவுகிற மருந்து, எல்லாம் உண்டு. செவ்வாய்க்கிழமை தோறும் ஸ்கூட்டரில் கேன்களைக் கட்டிக்கொண்டு சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் லைனுக்குப் போவேன். திரும்பி வரும்போது இடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிழைப்பு, வேறென்ன.

ஐப்பசி மழையில் ஒரு நாள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார்.

"சின்னமனூர்ல, மேகமலை ரோடு பிரியிற எடத்துல வாட்டர் வாஷ் வச்சிருக்குல்ல முனீஸ்வரி, அதோட அண்ணன் நான். பேரு வேல்பாண்டி, பண்ணைப்புரம். தங்கச்சி கையப் பாத்திருப்பீக. வெந்து போயிக் கெடக்கு. இனி அதுக்கு ஆசிட்டுக் குடுக்காதீக. கையக் கடிக்காத மருந்தா ஒரு கேன் குடுங்க. ரப்பர் உறையும் குடுங்க."

பச்சைக் கேன் ஒன்றும் உறை ஒரு ஜோடியும் எடுத்துக் கொடுத்தேன். பேரம்கூடப் பேசவில்லை. கைக்குத் தடவக் களிம்பு எங்கே கிடைக்கும் என்று வேறு கேட்டுக்கொண்டு போனார். எனக்கும் இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள். நான் செத்தால் மாலையோடு வருவார்கள், அவ்வளவுதான். அதனால்தான் உருகிப் போனேன்.

முனீஸ்வரியின் கையைப் பார்த்தவர்கள் யாரும் உருகத்தான் செய்வார்கள். அந்த ஷெட்டில் பம்பு, ஹோஸ், ஒரு தகரக் கூரை தவிர வேறு எதுவும் கிடையாது. அதற்குள்தான் அவள் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் குந்திக்கொண்டிருக்கிறாள். மேகமலையிலிருந்து இறங்குகிறவர்கள் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். பிரேக் தேய்ந்து உதிர்கிற கரித்தூள் சூட்டோடு சூடாக வீலில் அப்பிக்கொள்ளும். அதன் மேல் எஸ்டேட் ரோட்டுச் சேறு. சாதாரண சோப்புக்கெல்லாம் அது அசையாது.

அதற்குத்தான் என்னிடம் கேன்கள். சிவப்பு மூடி போட்டது ஆசிட். அடித்த உடனே நுரைத்துக் கரி கழன்று ஓடும். கொஞ்சம் அசந்தால் வீலின் பளபளப்பும் ஓடும், கழுவுகிறவள் தோலும் ஓடும். பச்சைக் கேன் சாது. பூசி ஊறவைத்து, பிரஷ் போட்டு இடுக்கு இடுக்காகத் தேய்க்க வேண்டும். கைக்கு நல்லது, முழங்காலுக்கு ஆகாது. மூன்றாவதாக ஒன்று உண்டு, கரியில் பட்டதும் ஊதா நிறமாக வழியும். அதன் விலையைக் கேட்டால் சின்னமனூரில் யாரும் அடுத்த வார்த்தை பேசமாட்டார்கள்.

முனீஸ்வரி எப்போதும் சிவப்பு மூடிதான். சுற்றுலா வந்தவனுக்கு வீடு போகிற அவசரம். ஊறவைக்க எவன் காத்திருப்பான்? உறை போட்டால் நட்டு இடுக்கில் விரல் நுழையவில்லை என்பாள். விரல் நுனியெல்லாம் வழவழவென்று தேய்ந்து வெடித்துப் போய்விட்டது. ரேஷன் கடை மெஷினில்கூட மகள் ஹேமாவதி விரலை வைத்துத்தான் அரிசி வாங்குகிறார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனேன். அண்ணன் வாங்கிக் கொடுத்த பச்சைக் கேன் சீல்கூட உடைக்காமல் மூலையில் கிடந்தது. உறை குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. முனீஸ்வரி வெறுங்கையோடு ஒரு காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"அக்கா, செவப்பு மூடி ரெண்டு வச்சிட்டுப் போங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "ஏத்தா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஒங்க அண்ணன் இந்த மழையில தேனி வரைக்கும் வந்து பாசமா வாங்கிக் குடுத்திருக்காக. நீ அத மூலையில கடாசிட்டு மறுபடியும் அந்தக் கருமத்தையே கேக்குற!"

"பாசமா?" என்று சிரித்தாள். பிறகு ஹோஸை மூடிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"எங்கய்யா போனதுக்கப்புறம் பண்ணைப்புரத்துத் தோட்டத்துல எனக்கும் பங்கு இருக்குக்கா. அரை ஏக்கர் வரும். அத விட்டுக் குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுன்னு அண்ணே கேக்குறாக. ஆவணியில பத்திர ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாக. மிசின்ல பத்து வெரலையும் வச்சுப் பாத்தாக, ரேகை ஒண்ணும் விழல. கை ஆறவும் வாங்கன்னுட்டாக. இந்த மாசமும் போனோம். அப்பவும் விழல. அதுலருந்துதான் அண்ணனுக்கு எங்கையி மேல இம்புட்டு அக்கறை."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைக்கு நான் பில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

"குடுக்க முடியாதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிற வேண்டியதுதானடி" என்றேன்.

"எப்பிடிக்கா சொல்ல? தையில ஹேமாவுக்குக் கல்யாணம். கூடப் பொறந்தது அண்ணே ஒருத்தர்தான். தாய்மாமன் சீரு இல்லாம, மாமன் மாலை எடுத்துக் குடுக்காம, புள்ளைய மணவறையில எப்பிடி உக்கார வைக்க? மாப்பிள்ளை வீட்டுக்காரவுக என்ன பேசுவாக? வாயால முடியாதுன்னு சொன்னாத்தான் பகை. மிசினு முடியாதுன்னா யாரு மேல பகை?"

அவள் புருஷன் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறவர். பெயர் கர்ணன். சும்மாவா வைத்தார்கள்? "அண்ணன்தானே, குடுத்துரு புள்ள" என்கிறாராம். பெண்டாட்டி சொத்தைத் தானம் பண்ண அவ்வளவு தாராளம்!

"அந்த அரை ஏக்கர வச்சு என்ன செய்யப் போற?"

எதிரே மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"குந்திக் குந்தி முழங்காலு போச்சுக்கா. ராத்திரி காலை நீட்ட முடியல, நீட்டுனா மடக்க முடியல. அங்கன கெணறு இருக்கு. கத்தரி, வெண்டின்னு எதையாச்சும் போட்டு, நிமிந்து நின்னு ஒரு வேலை பாக்கணும். வேற ஒண்ணுமில்ல. மிச்சக் காலத்தையாச்சும் நிமிந்து நின்னு கழிக்கணும்."

நான் சிவப்பு மூடி இரண்டை இறக்கி வைத்தேன். மனசே இல்லை. ஆனால் அவளுடைய அரை ஏக்கருக்கு இருந்த ஒரே வேலி அந்த ஆசிட்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அவள் கையைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். குழம்பு பட்டால் வெடிப்பு எரிகிறது என்று சோற்றைக் கரண்டியால் அள்ளித் தின்றாள். வேல்பாண்டி வாரம் ஒரு தடவை காரில் வந்து இறங்குவார். அந்தக் காரையும் அவள்தான் கழுவிக் கொடுப்பாள், அதற்குக் கூலியெல்லாம் கிடையாது. "கையக் காட்டு தாயி" என்று பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். களிம்பு தடவிவிட்டுப் போவாராம். அவர் கார் மறைந்ததும் இவள் களிம்பைத் துடைத்துவிட்டு ஆசிட்டை எடுப்பாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கார்த்திகையில் ஒரு நாள் போன் வந்தது.

"அக்கா, நாளைக்கு என்கூட ஆபீசுக்கு வர்றீகளா? கண்ணைப் படம் பிடிக்கிற மிசினு இருக்காம். வெரலே வேணாமாம். அண்ணே சொல்லிட்டாக."

குரலில் உயிரே இல்லை. கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

ஆபீஸில் கூட்டம் அதிகமில்லை. வேல்பாண்டி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கர்ணன் சுவரில் சாய்ந்து கால் மாற்றி நின்றார். முனீஸ்வரி நல்ல சேலை கட்டி, கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். பெயர் கூப்பிட்டார்கள். பத்திரத்தை வாசித்துக் காட்டினார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரில் இருந்த பெண் சின்னக் கருவியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். "கண்ணை நல்லாத் திறந்து இதைப் பாருங்கம்மா. சிமிட்டக் கூடாது."

முனீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, திறக்கணும்."

திறக்கவில்லை. ஊசி போடப் போகிற குழந்தை மாதிரி இறுக்கி மூடியிருந்தாள். மூடிய கண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்தது.

"தாயி, கண்ணைத் தொற. எரியுதா?" என்று வேல்பாண்டி குனிந்தார்.

"எரியலண்ணே."

"அப்புறம் என்ன?"

"எனக்குக் குடுக்க இஷ்டமில்லண்ணே."

எத்தனையோ மாதமாகத் தொண்டையில் கிடந்த வார்த்தை. சபாஷடி என்று கத்தியிருப்பேன், ஆபீஸாகப் போய்விட்டது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "சம்மதம் இல்லையாம்மா?" என்று ஒரு தடவை கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். பத்திரத்தை வேல்பாண்டி பக்கம் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வாசலில் வைத்துத்தான் வேல்பாண்டி வாயைத் திறந்தார். "ஒம்மக கல்யாணத்துக்கு எவன் மாலை எடுத்துக் குடுக்குறான்னு நானும் பாக்குறேன்."

"அது ஒங்க இஷ்டம்ணே" என்றாள் முனீஸ்வரி. அவர் காரை எடுத்துக்கொண்டு போனார். கர்ணன் ஜீப்பை நோக்கி நடந்தார்.

நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றோம். அவள் அழுதுகொண்டே இருந்தாள்.

"எங்கண்ணேக்கா. வீரபாண்டித் திருவிழாவுக்கு என்னையத் தோள்ல தூக்கிட்டுப் போனவுக. வரமாட்டாக இனி. எனக்குத் தெரியும், வரமாட்டாக."

வருவார் என்று ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சாதுப் பேச்சுக்காரரைப் பற்றி நானும் கொஞ்சம் தெரிந்துகொண்டுவிட்டேன். அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அடுத்த செவ்வாய் ஷெட்டுக்குப் போனபோது முனீஸ்வரி தனியாக உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. வேல்பாண்டியின் கார் முந்தின நாள் மேகமலையிலிருந்து இறங்கி, நிற்காமல் போய்விட்டதாம்.

"வீலெல்லாம் கரி அப்பிக் கெடந்துச்சுக்கா. கழுவாம விட்டா அந்த வீலு வீணாப் போகும்" என்றாள். ஒரு தங்கச்சிக்கு இதற்கு மேல் என்ன துக்கம் வேண்டும்?

ஹேமாவதி என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"மாமா வராட்டி நீயே மாலைய எடுத்துக் குடும்மாங்குறா. நடக்கிற காரியமா? ஊரு சிரிக்கும்." கீழே கிடந்த ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டு, "சிரிச்சிட்டுப் போகட்டும்" என்றாள்.

நான் வழக்கம் போல ஸ்கூட்டரிலிருந்து சிவப்பு மூடியை அவிழ்த்தேன்.

"அது வேணாம்க்கா."

அவள் மூலைக்குப் போய் அண்ணன் வாங்கிக் கொடுத்த பச்சைக் கேனைத் தூக்கி வந்தாள். விரலால் சீலைப் பிரிக்க முடியவில்லை, எரிந்திருக்க வேண்டும். என்னிடம் நீட்டினாள். நான் பல்லால் கடித்துத் திறந்து கொடுத்தேன். குழாயில் தொங்கிய உறையை எடுத்து உதறி, ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டாள்.

"நட்டு இடுக்குல வெரல் போகாதே?" என்றேன்.

"போகாட்டிப் போகுது. கை ஆறணும்ல. வெதைக்கணும்."