கண்ணுக்கு ஓய்வு, மச்சானுக்குக் கொண்டாட்டம்

“கம்ப்யூட்டர் பாக்கறப்போ இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து தூரமா பாருங்க” என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார்.

இன்று காலை பிரவுசிங் சென்டரில் அப்படியே எழுந்தேன். தூரத்தில் டீக்கடை தெரிந்தது. இன்னும் நன்றாகப் பார்க்கலாமே என்று கிட்டேயே போய்விட்டேன்.

நான் எழுதும் வலைப்பக்கத்தை மூடவில்லை. எங்கள் ஆரணியில் தறியை விட்டு எழுந்து போனால், ஊடை நூல் ஓட்டும் நாடா வைத்த இடத்திலேயே கிடக்கும். அடுத்தவர் தறியில் யார் உட்காருவார்கள்?

கம்ப்யூட்டரில் உட்காருவார்கள்! பக்கத்து சீட்டில் இருந்த மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, என் பெயரிலேயே எழுதிவிட்டான்: “தறியில் இருக்கும் அரக்குப் பட்டு, தீபாவளிக்கு என் மனைவிக்கு.”

அது முதலாளி கொடுத்த ஆர்டர்!

நான் திரும்பி வந்து அழிப்பதற்குள் சென்னை மச்சினி சாந்தி படித்து, அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் போனால் மனைவி கேசரியோடு நிற்கிறாள். “ஏங்க, ஊருக்கெல்லாம் சொல்லிகினு இருக்கீங்க, எங்கிட்ட சொல்லக் கூடாதா?”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். கேசரி உள்ளே போய்விட்டது.

மச்சானைப் பிடித்து, “இன்னாடா இது?” என்றேன்.

“பட்டு நெய்யற வூட்டுல அக்காவுக்குக் கட்டிக்க ஒரு பட்டு இல்லன்னா எப்டி மாமா?”

ஆர்டரை முடித்துவிட்டு அவளுக்கும் ஒன்று நெய்யப்போகிறேன். அரக்கு நிறத்துக்கு எந்த பார்டர் எடுப்பாக இருக்கும்? சொல்லுங்கள்.

சாந்தி, நீ மட்டும் இதைப் படித்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்யாதே. தட்டில் இன்னும் கேசரி இருக்கிறது.