விளம்பரம் வேண்டாம் என்று நானும் சொன்னது

ஆறு மாதமாக நீங்கள் இரண்டு பேரும் ஸ்கூல் வேனில் போவதில்லை, டவுன் பஸ்ஸில் போகிறீர்கள். ஏன் என்று பெரியவள் ஒரு தடவை கேட்டாள். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். மைக் முன்னால் எழுதிக் கொடுத்ததைப் படிக்க எனக்கு வரும். சொந்தமாகப் பேசச் சொன்னால் வராது. அதனால் எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து இது, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் எஃப்.எம். ஸ்டேஷனில் அப்போது எனக்கு இரண்டு வேலை. காலை ஆறரை மணிக்குச் சந்தை விலை படிப்பேன். தக்காளி, கத்திரி, சம்பங்கி, கடைசியில் சாமந்தி. அது முடிந்ததும் கடை விளம்பரம். விளம்பரத்துக்குத்தான் சம்பளம், விலை படிப்பது சும்மா ஒட்டிக்கொண்டு வந்த வேலை. மற்ற ஸ்டேஷன்களில் இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டுப் பாட்டுப் போடுவார்கள். நான் போடமாட்டேன். சாமந்தி விலையைச் சொல்லிவிட்டு, மூச்சுகூட விடாமல், அதே குரலில் விளம்பரத்துக்குள் நுழைந்துவிடுவேன். எங்கே சந்தை முடிந்தது, எங்கே கடை ஆரம்பித்தது என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது. கடைக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பாப்பாரப்பட்டி பாத்திரக்கடைக்காரர் என் குரலில்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பார். எனக்கும் அதில் பெருமைதான்.

போன வருஷம் முதலாளி ஒரு யோசனை சொன்னார். ஸ்டேஷனை ஒரு அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிடலாம், லாபமும் வேண்டாம், கடை விளம்பரமும் வேண்டாம், அவர்களும் ரேடியோ கேட்கிறவர்களும் கொடுப்பதை வைத்து ஓடட்டும் என்றார். ஆனால் வேலை செய்கிற நாலு பேரில் ஒருவர் முடியாது என்றாலும் யோசனையை விட்டுவிடுவேன் என்றும் சொன்னார். அவர் சுபாவம் அப்படி. விவசாய நிகழ்ச்சி நடத்தும் அக்கா உடனே சரி என்றார். மிஷின் பார்க்கிறவரும் பாட்டுப் போடுகிற பெண்ணும் சரி என்றார்கள். அவர்கள் சம்பளம் அப்படியே இருக்கும், என்னுடையது பாதியாகிவிடும். நான் முடியாது என்றேன்.

அந்த அக்காவிடம் சண்டையே போட்டேன். கடைக்காரர் தன் கடையைப் பற்றிச் சொன்னால் பாவமா, நல்ல குண்டான் எங்கே கிடைக்கும் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன தப்பு என்று கேட்டேன். அக்கா சிரித்தார்.

"உன் வாயில இருந்து என்ன வருதுன்னு உனக்கே தெரியாதுப்பா. ஒருநாளாச்சும் என் நிகழ்ச்சிய கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. அது சாயங்காலம் வரும். அந்த நேரத்தில் நான் கடை கடையாகப் போய் விளம்பரம் எழுதி வாங்கிக்கொண்டிருப்பேன்.

அதற்கு அடுத்த வாரம் கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு வந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதில் வேரோடு பிடுங்கிய நாலு சாமந்திச் செடிகள். மொட்டெல்லாம் கருகிப்போயிருந்தது. நடந்தது இதுதான். ஒருநாள் சாயங்காலம் அக்கா தன் நிகழ்ச்சியில், இந்த வெயிலில் மொட்டு வைத்த சாமந்திக்கு எந்த மருந்தும் அடிக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் நான், சாமந்தி விலையைச் சொன்ன கையோடு, மொட்டு உதிராமல் இருக்க இந்த மருந்தை அடியுங்கள் என்று உரக்கடை விளம்பரத்தைப் படித்திருக்கிறேன்.

"சாயங்காலம் பேசற அம்மா அடிக்காதீங்கன்னாங்க, நீங்க அடிங்கன்னீங்க. வெல சொல்றவரு, தெனமும் சந்தைய பாக்கறவரு, உங்களுக்குத் தெரியாதான்னு அடிச்சுட்டேங்க" என்றார் அந்த அம்மா. குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"நீங்க அடிச்சுப் பாத்துட்டுதானே சொன்னீங்க?"

"இல்லீங்கம்மா. எழுதிக் குடுத்தாங்க, படிச்சேன்."

பையிலிருந்து செடிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அப்ப வெலையும் அப்படித்தானுங்களா?"

இல்லை, விலை நிஜம், தினமும் விடியற்காலையில் சந்தைக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் படிக்கிறேன் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்றேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார். செடிகளை மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அரைக் காணிப் பூ, ஆயுத பூஜை சமயத்துக்கென்று வைத்தது.

உரக்கடைக்காரரையும் நான் குறை சொல்ல மாட்டேன். செடிகளைக் கொண்டுபோய்க் காட்டியதும் அவர் முகம் செத்துப்போனது. கம்பெனிக்காரர்கள் சொன்னதைத்தான் அவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் பூக்காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யாருமே ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவின் பூ போய்விட்டது, என் குரலால் போய்விட்டது.

விளம்பரத்துக்கு முன்னால் ஒரு பாட்டைப் போட்டுவிட்டால் போதாதா என்றும் யோசித்துப் பார்த்தேன். இரண்டு நாள் போட்டும் பார்த்தேன். கடைக்காரர்கள், என்னப்பா எடுப்பே போச்சு என்றார்கள். அவர்கள் என் குரலைக் கேட்கவில்லை, விலை சொல்கிற குரல்மேல் ஜனங்கள் வைத்த நம்பிக்கையைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைக் கொடுக்க நான் யார்?

திங்கட்கிழமை முதலாளி அறைக்குப் போய், நானும் சரிங்க என்றேன். அவர் உடனே சந்தோஷப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வூட்ல கேட்டுட்டியாப்பா? பாதிதான் வரும்."

"கேட்டுட்டேங்க" என்றேன்.

கேட்கவில்லை. உங்கள் அம்மாவுக்கே அன்று ராத்திரிதான் தெரியும். கேட்டதும் அவள் வேன்காரருக்குப் போன் போட்டு, இனி பிள்ளைகளுக்கு வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது காலையில் விலை மட்டும் படிக்கிறேன். மத்தியானத்துக்கு மேல் நாற்றுப்பண்ணையில் லோடு ஏற்றுகிறேன். பாத்திரக்கடைக்காரர் இன்னமும் வருத்தமாகத்தான் பேசுகிறார். அவர் பாத்திரத்தில் ஒரு குறையும் கிடையாது, அவருக்கு நான் பதில் சொல்ல முடியாது.

பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே போகிறீர்கள் என்று தெரியும். சின்னவன் இரண்டு தடவை பிரேயருக்கு லேட்டாகி வெளியே நின்றதும் தெரியும். அன்றைக்கு உங்களைக் கேட்டிருந்தால் நீங்களும் சரி என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் நான் கேட்கவில்லை. கேட்டேன் என்று முதலாளியிடம் சொன்னது பொய். அதற்கு மட்டும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சரி என்று சொன்னதற்குக் கேட்க மாட்டேன்.