கல்மண்டபம் தாண்டும் வரை

இன்று காலை முதல் வேலையாகப் பள்ளி மணியை நானே அடித்தேன். மணியடிக்கும் ஆயாவுக்குக் காய்ச்சல். அடித்து முடித்த பிறகுதான் திருவொற்றியூர் ரயில்வே கேட்டுக்கு அப்பாலிருந்து வரும் பிள்ளைகள் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். வழக்கம்போல் வாசலிலேயே நிறுத்திவைத்தேன். அவர்களில் ஒருத்தி சொன்னாள்: "டீச்சரம்மா, பிகில் தாத்தா ராத்திரி செத்துட்டாரு."

பிகில் தாத்தா என்ற சவரிமுத்துவை மாதா கோயில் ஊர்வலத்தில் பித்தளைக் கொம்பு ஊதியவராக உங்களில் பலர் அறிவீர்கள். எனக்கு அவர் குதிரைப்படையின் பிகில்காரர். வெள்ளைக்காரர் ஆட்சியில், போர் வந்தால் கூப்பிடுவதற்கென்று வைத்திருந்த படை அது. ஊரிலுள்ள கம்பெனிகளில் வேலைபார்த்த துரைமார்கள் வாரத்தில் இரண்டு நாள் வந்து சவாரி பழகுவார்கள். குதிரைகள் மட்டும் எப்போதும் லாயத்தில் இருக்கும். காலையில் சவரிமுத்து ஊதினால் அவற்றுக்குக் கொள்ளு வரும்.

வயதான குதிரைகளைப் படை ஏலத்தில் விட்டுவிடும், ஜட்காக்காரர்கள் வாங்குவார்கள். நான் கல்லூரிக்குப் போன ஜட்காவில் பூட்டியிருந்தது அப்படி ஒரு குதிரை. சேர்ந்த புதிதில் ஒருநாள் கல்மண்டபம் அருகே போகும்போது, பக்கத்து லாயத்திலிருந்து பிகில் சத்தம் கேட்டது. குதிரை என்னையும் வண்டியையும் இழுத்துக்கொண்டு நேரே லாயத்துக்குள் ஓடித் தன் பழைய தொட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"இன்னா நைனா, ஊதி ஊதி எம் பொழப்பக் கெடுக்கிறியே!" என்று கத்தினார் ஜட்காக்கார மாணிக்கம்.

"நா உன் குருதயவா கூப்ட்டேன்? நீ போடற புல்லு பத்தல மாமு," என்றார் சவரிமுத்து.

லாயமே சிரித்தது. என் வீடு சிரிக்கவில்லை. தெற்கேயிருந்து வந்து மிளகாய் மண்டி வைத்திருந்த அப்பா, "படிச்சது போதும். பட்டாளக் கொட்டடிக்குள்ள போயிட்டு வந்த புள்ளன்னு நாளைக்கு ஊரு பேசும்," என்றார். அழுதும் பயனில்லை.

மறுநாள் சவரிமுத்து மண்டிக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பாப்பா மேலயும் தப்பில்ல, குருத மேலயும் தப்பில்ல நைனா. அது சோத்துக்குப் போச்சு. இனிமே பாப்பா வண்டி கல்மண்டபம் தாண்டாம நான் பிகில வாய்ல வைக்க மாட்டேன்."

"துரை கேட்டா என்ன சொல்லுவீரு?"

"வாய்ல புண்ணுன்னுவேன்."

"நாலு வருசமாவா புண்ணு இருக்கும்?" அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் நான் பி.ஏ. படித்தேன்.

நாலு வருஷமும் லாயத்து வாசலில் பிகிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். உள்ளே பசித்த குதிரைகள் தரையை உதைக்கும். சார்ஜன்ட் திட்டுவான். மழை நாளில் எங்கள் வண்டி தாமதித்தால் படையே காத்திருக்கும். ஒருமுறை தண்டனையாகக் குதிரை லத்தி அள்ளவிட்டார்கள். வருந்தினேன். "கை தான நாறுது, பாப்பா. நீ போ, நேரமாவுது," என்றார்.

பிறகு படைக்குக் கவச மோட்டார்கள் வந்தன. மிச்சக் குதிரைகளும் ஏலத்தில் போயின. "இதுங்களுக்கு ஊதி இன்னா பிரயோஜனம்? காது கீதா?" என்று கேலி பேசுவார். அணிவகுப்புக்கு மட்டும் ஊதினார். கொள்ளுக்கான ஊதலைப் பிறகு யாருமே கேட்கவில்லை. திருவிழாவில் பிள்ளைகள் கெஞ்சியபோதும் மறுத்துவிட்டார்.

"எல்லாம் தொறமொக ரோட்டுல வண்டி இழுத்துகினு கீதுங்க. கேட்டா ஓடியாரும். வந்தா குடுக்க எங்கிட்ட இன்னா கீது?"

மாலையில் அடக்கத்துக்குப் போய்த் திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. என் பிள்ளைகள் காலையில் கேட் திறக்கக் காத்து நிற்கும் இடத்தில் நானும் நின்றேன். கூட்ஸ் வண்டி நகர்வதாயில்லை. பெட்டிகளின் இடைவெளியில் பள்ளிக்கூடத்து மணி தெரிந்தது. அப்படியானால் மணிக்குக் கீழே நின்றால் இந்தக் கேட்டும் தெரியும். இத்தனை வருஷம் நான் பார்த்ததில்லை.

நாளை மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறேன். கடைசிப் பிள்ளை தண்டவாளம் தாண்டிய பிறகுதான் இழுப்பேன். இதை ஆயாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.